நடுப்பலகை எப்போது சிக்குகிறது?

சிறிய பாய்ப்படகின் அடியில் தண்ணீருக்குள் இறங்கி ஏறும் நடுப்பலகை சிக்கிக்கொண்டால் கை தானாகவே சுத்தியலைத் தேடும். தேடட்டும், எடுக்க விடாதீர்கள். பலகையின் தலையில் போடும் அடி கீழே அது நுழைந்திருக்கும் கூட்டின் சுவரில்தான் விரிசலாகப் போய் விழும். பலகையைச் சரிசெய்ய அதிகம் போனால் சில வாரம். கூடு பிளந்தால் ஒரு பருவமே போய்விடும்.

எதனால் சிக்கியது என்று ஆராய்வதற்கு முன், எப்போது சிக்கியது என்று கேளுங்கள். தண்ணீரில் இறக்கியதுமேவா? பாயில் காற்று நிரம்பி ஓடிக்கொண்டிருக்கும்போதா? ஒரு மணி நேரம் ஊறிய பிறகா? ஆறு மாதம் வீட்டுப் பக்கத்தில் சும்மா கிடந்த பிறகா? நேரம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அதனால் இந்தக் குறிப்பையும் எப்போது என்பதை வைத்தே பிரித்து எழுதியிருக்கிறேன். உங்கள் படகுக்கு எது பொருந்துகிறதோ அதற்கு நேராகப் போய்விடுங்கள்.

நான் இருப்பது மலேசியாவில், போர்ட்டிக்சனுக்குப் பக்கத்து லுக்குட். சுற்றிலும் செம்பனை, அப்பா காலத்தில் பால்மரம், அதாவது ரப்பர். தோட்டத்துப் பிள்ளைக்குப் பாய்ப்படகு எதற்கு என்று கேட்காத உறவினர் இல்லை. போர்ட்டிக்சன் கடற்கரைக்குக் காடியில் போனால் போட்ட பாட்டு முடிவதற்குள் கடல் தெரியும், வேறென்ன பதில் சொல்வது? படகு ஒரு பழைய எண்டர்பிரைஸ். 1956-இல் இங்கிலாந்தில் ஜாக் ஹோல்ட் வடிவமைத்தது, 4.04 மீட்டர் நீளம், நீலப் பாய்தான் அதன் அடையாளம். அதில் இருப்பது மரப்பலகை. கீழே வரும் கோளாறுகளில் பாதி அந்தப் பலகை எனக்குக் கற்றுக்கொடுத்தவை. மீதியைக் கற்றுக்கொடுத்தவர் எண்ணெய் ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர். கடலில் கால் நனைக்கவே பயப்படுவார். ஆனால் இறுகிப்போன எதையும் உடைக்காமல் கழற்றத் தெரிந்தவர்.

உறுப்புகளின் பெயர்களை மட்டும் பார்த்துவிடுவோம். படகின் நடுவே பெட்டி மாதிரி நிற்பது கூடு. அதன் அடியில் இருக்கும் நீளமான திறப்பை அடிவாய் என்கிறேன். பலகை கூட்டுக்குள் ஓர் அச்சு போல்ட்டைச் சுற்றிக் கத்தரிக்கோலின் ஒரு கால் மாதிரி இறங்கி ஏறும். 420 என்ற பாய்ப்படகு வகை போன்றவற்றில் ஏற்ற ஒரு கயிறு, இறக்க ஒரு கயிறு. என் படகில் பலகையின் தலையைக் கையால் தள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ஓடும்போது அசையவில்லை, கரையில் வழுக்கிக்கொண்டு அசைகிறது

இது கோளாறே இல்லை. ஆனால் என்னிடம் வருகிற புலம்பல்களில் அதிகமானது இதுதான், அதனால் இதை முதலில் வைத்தேன்.

காற்றை எதிர்த்துச் சாய்வாக ஏறும்போது பாய் படகை முன்னால் மட்டுமா தள்ளுகிறது? பக்கவாட்டிலும் பலமாகத் தள்ளுகிறது. அந்தப் பக்கத் தள்ளலைத் தாங்குவதற்குத்தான் பலகையே இருக்கிறது. தண்ணீர் பலகையை ஒரு பக்கம் அமுக்க, பலகை அடிவாயின் ஓர் ஓரத்தையும் கூட்டின் மேல்பகுதியில் எதிர் ஓரத்தையும் இறுகப் பிடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் எவ்வளவு இழுத்தாலும் வராது. கயிறுதான் அறுந்துபோகும்.

படகின் மூக்கைக் காற்றுக்கு நேராகத் திருப்புங்கள். பாய்க்கயிறுகளைத் தளர்த்தி விடுங்கள். பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும், படகு நிமிரும். இப்போது பலகையை அசைத்துப் பாருங்கள். லேசாக வந்தால் உங்கள் படகில் எந்தப் பழுதும் இல்லை.

இதை நான் ஃபிட்டர் அண்ணனிடம்தான் கற்றேன், அதுவும் கரையில் நின்றபடி. ஒரு நாள் முழுக்கப் பலகை சிக்குகிறது என்று நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி: “தம்பி, கன்வேயர் பெல்ட்ல பாரம் இருக்கும்போது ரோலரக் கழட்டுவியா?” இல்லைண்ணே என்றேன். “அப்புறம் என்ன? பாரத்த எறக்கிட்டுக் கழட்டு.”

தண்ணீரில் இறக்கியதுமே இறங்க மறுக்கிறது

கல், கிளிஞ்சல், மணல். பத்தில் எட்டுத் தடவை இந்த மூன்றில் ஒன்றுதான். படகைப் பாதி தண்ணீரில், பாதி மணலில் வைத்துவிட்டு, மறந்துபோன லைஃப் ஜாக்கெட்டை எடுக்க ஓடியிருப்பீர்கள். அந்த ஐந்து நிமிடத்தில் ஒவ்வோர் அலையும் படகைத் தூக்கித் தூக்கிப் போட்டு, அடியிலிருக்கும் மணலையும் சிப்பித் துண்டுகளையும் அடிவாய்க்குள் ஊட்டிவிடும்.

முதலில் முழங்காலுக்கு மேல் ஆழம் உள்ள இடத்துக்குப் படகைக் கொண்டுபோய், பக்கத்துக்குப் பக்கம் நன்றாக ஆட்டுங்கள். பலகையை மெதுவாக மேலும் கீழும் அசையுங்கள். பாதி நேரம் இதிலேயே உதிர்ந்துவிடும். உதிராவிட்டால், சரக்குப் பெட்டிகளைச் சுற்றிக் கட்டி வருமே, பிளாஸ்டிக் பட்டை, அதில் ஒரு கை நீளம் போதும். பலகைக்கும் கூட்டுக்கும் நடுவே மேலிருந்து நுழைத்து ரம்பம் அறுப்பது போல முன்னும் பின்னும் இழுங்கள். மெல்லியது, விறைப்பானது, கூட்டின் சுவரைக் கீறாது. இரும்பு ரம்பத் தகடு இதைவிடச் சீக்கிரம் வேலை முடிக்கும் என்று தோன்றும். கல்லை எடுக்கிறதோ இல்லையோ, பூச்சைக் கண்டிப்பாக எடுத்துவிடும். பூச்சு போன இடத்தில் மரம் தண்ணீர் குடிக்கும். அதன் பலனை அடுத்த மாதம் பார்ப்பீர்கள்.

அதற்கும் வரவில்லையென்றால் கரைக்குத் திரும்பி, பாய்களை இறக்கிவிட்டுப் படகைப் பக்கவாட்டில் சாயுங்கள். கீழே பழைய லோரி டயர் இரண்டு போட்டால் படகின் விளிம்பு நசுங்காது. இனி அடிவாய் உங்கள் கண்ணுக்கு நேரே இருக்கும். ஒருவர் பாய்மரத்தை விடாமல் பிடித்துக்கொள்ள, மற்றவர் அடியிலிருந்து மரக்குச்சியால் கல்லைத் தள்ளி எடுக்கலாம். பிடிக்க ஆள் இல்லாமல் படகின் அடியில் தலையைக் கொடுக்காதீர்கள்.

இறங்காத பலகையோடு ‘போய்ப் பார்க்கலாம்’ என்று கிளம்பவே கூடாது. பலகை இல்லாத படகு காற்றை எதிர்த்து ஏறாது, நண்டு மாதிரி பக்கவாட்டில் போகும். அதைவிட முக்கியம், படகு கவிழ்ந்தால் நீங்கள் ஏறி நின்று படகை நிமிர்த்த வேண்டியது அந்தப் பலகையின் மேல்தான். அது கூட்டுக்குள் ஒளிந்திருந்தால் எதில் ஏறி நிற்பீர்கள்? மலாக்கா நீரிணையில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் சுமத்ரா புயற்காற்று எப்போது வேண்டுமானாலும் கிளம்பி வரும். அந்த மாதங்களில் நான் கரையிலேயே பலகையை மூன்று முறை ஏற்றி இறக்கிப் பார்க்காமல் கிளம்புவதில்லை.

மாதக்கணக்கில் கிடந்த பிறகு

முதல் சந்தேகம் குளவி. சிரிக்காதீர்கள். தோட்டப் பக்கம் படகு வைத்திருப்பவருக்கு இது தெரியும்: மண்கூடு கட்டும் குளவிக்கு இருட்டான, மழை படாத, ஒரு விரல் அகலச் சந்து கிடைத்தால் போதும். காய்ந்த களிமண் சிமெண்டு மாதிரி பலகையைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர்க் குழாயைக் கூட்டுக்குள் விட்டு அரை மணி நேரம் ஊற வையுங்கள், கரைந்துவிடும். அதற்கு முன்னால் டார்ச் அடித்து உள்ளே உயிரோடு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். கொட்டும் குளவி கூடு கட்டியிருந்தால் அது வேறு கதை, நீங்களே கை வைக்க வேண்டாம். மரப்படகென்றால் கரையான் புற்றையும் அப்படியே தேடிப் பாருங்கள். அது இருந்தால் பலகை சிக்கியது உங்கள் கவலைகளில் கடைசி.

இரண்டாவது, படகு எதன் மேல் உட்கார்ந்திருந்தது என்பது. டிரெய்லரின் கட்டை அடிவாய்க்குப் பக்கத்தில் மேல்நோக்கி அழுத்திக்கொண்டிருந்தால், படகின் மொத்த எடையும் மாதக்கணக்கில் அந்த ஒரே இடத்தில் இருக்கும். நம் ஊர் வெயிலில் கண்ணாடி இழைப் படகுகள் மெல்ல வளைந்துகொடுக்கும். கூட்டின் இரு சுவர்களும் உள்ளே சாய்ந்து பலகையை நெருக்கும். சோதிப்பது சுலபம்: டிரெய்லரில் இருக்கும்போது சிக்கி, தண்ணீரில் மிதக்கும்போது விட்டால் குற்றவாளி டிரெய்லர்தான். கட்டைகளை அடிவாயிலிருந்து விலக்கி, படகின் எடையைத் தாங்கும் நடுக்கட்டைக்கும் குறுக்குச் சட்டங்களுக்கும் நேராக மாற்றி வையுங்கள். வளைந்தது தானாகக் கொஞ்சம் திரும்பும். முழுதாகத் திரும்பவில்லையென்றால் பலகையைத்தான் உரசும் இடத்தில் மெலிதாக்க வேண்டும்.

மூன்றாவது, படகைத் தண்ணீரிலேயே கட்டிப்போட்டிருந்தால், படகின் அடியில் ஓட்டோடு ஒட்டி வளரும் கொட்டலசு. இங்குள்ள மலாய் மீனவர்கள் தெரித்திப் என்பார்கள். வெதுவெதுப்பான கடலில் சில வாரங்களே போதும், அடிவாய் முழுக்கப் பல் முளைத்த மாதிரி ஆகிவிடும். படகைக் கரையேற்றி, மரத்தாலான செதுக்கியால் சுரண்டி எடுக்க வேண்டும், வேறு வழி இல்லை. கட்டிப்போட்ட படகாக இருந்தாலும் போகும்போதும் வரும்போதும் பலகையை ஒரு தடவை அசைத்துவிட்டு வருவது நல்ல பழக்கம்.

காலையில் சரியாக இருந்தது, ஊறியதும் இறுகிவிட்டது

மரப்பலகைக்காரர்களின் நிரந்தர வியாதி. மரம் தண்ணீர் குடித்தால் நீளவாக்கில் அநேகமாக வளராது. அகலத்திலும் கனத்திலும்தான் உப்பும். கூட்டுக்குள் இருக்கும் இடைவெளியோ இரண்டு மூன்று மில்லிமீட்டர். ஒட்டுப்பலகையின் ஓரத்தில், போல்ட் துளைக்குள், கல் கீறிய இடத்தில் பூச்சு விட்டிருந்தால் தண்ணீர் அந்த வழியாகத்தான் நுழையும். பலகையின் நடுப்பகுதி பளபளவென்று இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஓரத்தையும் துளையையும் பாருங்கள்.

பலகையைக் கழற்றுங்கள். கழற்றியதும் இழைப்புளியை எடுக்கத் தோன்றும். இப்போது இழைத்தால் ஊதிய மரத்தை இழைக்கிறீர்கள். காய்ந்த பிறகு பலகை கூட்டுக்குள் கடகடவென்று ஆடும். முதலில் காய வேண்டும்.

வெயிலில் சாய்த்து வைத்தால் ஒரு முகம் மட்டும் சீக்கிரம் காய்ந்து பலகை அப்பளம் மாதிரி வளையும். நிழலில், காற்றுப்படும் இடத்தில், கீழே மூன்று சட்டங்கள் கொடுத்துப் படுக்க வைத்து, இரண்டு நாளுக்கு ஒரு முறை புரட்டிப் போடுங்கள். எத்தனை நாள் என்றால், எடை சொல்லும். எங்கள் வீட்டில் தாத்தா காலத்து டாச்சிங் ஒன்று உண்டு, கட்டிப்பால் நிறுத்த கோல். அதில்தான் என் பலகையைத் தொங்கவிட்டு நிறுப்பேன். எடை குறைந்துகொண்டே வந்து, மூன்று நான்கு நாள் ஒரே இடத்தில் நின்றால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். மழைக்காலத்தில் மூன்று வாரம் கூட ஆகலாம். பொறுங்கள்.

காய்ந்ததை மறுபடி கூட்டில் மாட்டி, எங்கே உரசுகிறது என்று பாருங்கள். இதற்கு ஃபிட்டர் அண்ணன் ஒரு வழி வைத்திருக்கிறார். ஆலையில் பேரிங் தாங்கிகளைப் பொருத்தும்போது நீல மசையைத் தடவிப் பார்ப்பார்களாம். அது கையில் இல்லாததால் குங்குமத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பலகை முழுக்க மெலிதாகப் பூசினார். இரண்டு முறை ஏற்றி இறக்கிவிட்டுக் கழற்றினால், குங்குமம் அழிந்த இடமெல்லாம் உரசும் இடம். சாமி மேடைக் குங்குமச் சிமிழ் காலியானதற்கு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது நான்தான். பள்ளிக்கூடச் சாக்குக்கட்டியும் இதே வேலையைச் செய்யும்.

அழிந்த இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து இறக்குங்கள். பலகை முழுவதையும் மெலிதாக்க வேண்டாம், பக்கச்சுமையைத் தாங்கும் பலம் அந்தக் கனத்தில்தான் இருக்கிறது. இருபுறமும் சேர்த்து 3 மில்லிமீட்டர் இடைவெளி கிடைத்தால் எனக்குப் போதும். அப்புறம் எண்ணெய்ப் பசை முழுவதும் போகத் துடைத்து, எப்பாக்ஸி பிசின் மூன்று பூச்சு. போல்ட் துளையின் உட்சுவரிலும் ஓரங்களிலும் ஒரு பூச்சு கூடுதல். எப்பாக்ஸி வெயிலைத் தாங்காது, அதனால் மேலே வார்னிஷோ பெயிண்டோ கட்டாயம்.

வழுக்குவதற்கு என்ன தடவலாம்? செம்பனை ஊரில் இந்தக் கேள்விக்கு எல்லார் வீட்டு அடுப்படியிலும் பதில் இருக்கிறது, அந்தப் பதில் தப்பு. சமையல் எண்ணெய் ஒரு வாரத்தில் பிசினாகிவிடும், மணலைக் கூப்பிட்டு வைத்துக்கொள்ளும். கிரீஸும் அப்படியே: கிரீஸும் மணலும் சேர்ந்தால் அது உப்புத்தாள். மெழுகுவர்த்தியைப் பலகையின் இருபுறமும் தேய்த்து, துணியால் மெருகேற்றுங்கள். செலவு ஒரு வெள்ளிகூட ஆகாது. ஆனால் பூச்சு வேலை எல்லாம் முடிந்த பிறகுதான். மெழுகு பட்ட மரத்தில் எப்பாக்ஸி பிடிக்காது.

போல்ட்டை இறுக்கிய மறுநாள்

இது முழுக்க என் முட்டாள்தனம். அச்சு போல்ட் வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கசிந்தது. ஸ்பேனரை எடுத்து இறுக்கினேன். கசிவு நின்றது. இன்னும் ஒரு அரைச் சுற்று இருக்கட்டும் என்று இறுக்கினேன். மறுநாள் பலகை அசையவே இல்லை.

போல்ட் கூட்டின் இரு சுவர்களையும் துளைத்துக்கொண்டு போகிறது. இறுக்கினால் சுவர்கள் இரண்டும் பலகையைச் சாண்ட்விச் மாதிரி நசுக்கும். அரைச் சுற்றுத் தளர்த்தினேன், பலகை விட்டது, கசிவும் திரும்பி வந்தது. கசிவை நிறுத்த வேண்டியது இறுக்கம் இல்லை, வாஷர். படகைச் சாய்த்து, போல்ட்டைக் கழற்றி, பழைய ரப்பர் வாஷர்கள் கல்லாகிப்போனதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன். புது ரப்பர் வாஷர், அதன் வெளியே அகலமான துருப்பிடிக்காத வாஷர், பிறகு நட். ரப்பர் லேசாகப் பிதுங்கும்வரை இறுக்கினால் போதும்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் சிக்குகிறது

முதலில் அடிவாய் ரப்பரைப் பாருங்கள். தண்ணீர் கூட்டுக்குள் சுழலாமலிருக்க அடிவாயின் இருபுறமும் ஒட்டியிருக்கும் பட்டை அது. ஒரு முனை பிய்ந்து உள்ளே மடிந்தால் ஆப்பு அடித்த மாதிரி பலகையை நிறுத்திவிடும். கயிறு உள்ள படகில், கயிறு கப்பியை விட்டு விலகிக் கப்பிக்கும் அதன் கன்னத்துக்கும் நடுவே சொருகியிருக்கலாம். இரண்டும் டார்ச் வெளிச்சத்தில் தெரியும்.

இரண்டும் இல்லையென்றால் பலகை முறுக்கியிருக்கிறது அல்லது போல்ட் துளை தேய்ந்திருக்கிறது. கழற்றிய பலகையின் மேல் நேரான அலுமினியக் கோலைக் குறுக்கும் நெடுக்கும் வைத்துப் பாருங்கள். கோலுக்கடியில் வெளிச்சம் தெரிந்தால் வளைவு. லேசான வளைவை உரசும் இடத்தில் தேய்த்துச் சமாளிக்கலாம். முறுக்கலை நிமிர்த்த முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள், நல்ல கடல்தர ஒட்டுப்பலகையில் புதிதாக ஒன்று வெட்டுங்கள்.

துளை வட்டமாக இல்லாமல் முட்டை வடிவமாக இருந்தால் பலகை தன் இடத்தை விட்டு நகர்ந்து முனையோ தலையோ கூட்டில் முட்டும். துளையைப் பெரிதாகக் குடைந்து, தடித்த எப்பாக்ஸியால் முழுக்க அடைத்து, நன்றாக இறுகிய பிறகு சரியான இடத்தில் மறுபடி துளையிடுங்கள். போல்ட்டையும் உருட்டிப் பாருங்கள். பாறையில் மோதிய படகென்றால் அது வளைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இரும்புப் பலகைக்கு இதே இடத்தில் ஒரு வார்த்தை: துரு, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் தேய்ந்துபோக வேண்டிய தகடு ஊதிப்போய்ச் சிக்கும். துருவைத் தட்டி எடுத்து, துத்தநாகப் பூச்சோ எப்பாக்ஸி பிரைமரோ அடிக்காமல் தப்பிக்க முடியாது.

இறங்கிவிட்டது, ஏற மறுக்கிறது, கரை நெருங்குகிறது

அவசரம் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். மூக்கைக் காற்றுக்குத் திருப்பி, பாயைத் தளர்த்தி, மறுபடி முயலுங்கள். வரவில்லையா? ஒரு கயிற்றைப் படகின் மூக்குக்கு முன்னால் தண்ணீரில் விட்டு, ஆளுக்கொரு பக்கம் முனையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நடங்கள். கயிறு படகின் அடியில் வழுக்கிப் போய்ப் பலகையின் முன் ஓரத்தில் மாட்டும். இரண்டு பேரும் சேர்ந்து பின்னோக்கி இழுத்தால் பலகை மடிந்து கூட்டுக்குள் ஏறும். மரப்பலகையை நான் இப்படி இரண்டு முறை மீட்டிருக்கிறேன்.

அதற்கும் அசையவில்லையென்றால் ஓட்டத்தோடு கரையில் மோதாதீர்கள். எண்டர்பிரைஸுக்குப் பலகை இறங்கிய நிலையில் ஏறத்தாழ 1 மீட்டர் ஆழம் வேண்டும். அந்த ஆழத்துக்கு முன்பே பாயை இறக்கி நங்கூரம் போட்டுவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, படகை வேண்டுமென்றே ஒரு பக்கம் சாய்த்து, அடியிலிருந்து பலகையைக் கையால் தள்ளுங்கள்.

பிள்ளைகளின் ஆப்டிமிஸ்ட் படகில் அச்சு போல்ட்டே கிடையாது. பலகையை நேராகச் சொருகி நேராக உருவ வேண்டும். அதில் சிக்கினால் மணல், இல்லையென்றால் ஊறல். பட்டையை விட்டு ஆட்டுங்கள், மெழுகு தேயுங்கள், அவ்வளவுதான்.

இவ்வளவும் செய்து முடித்தால், பலகை இப்போது அளவுக்கு மீறி வழுக்கிக்கொண்டு, இறக்கியது தானாக மேலே மிதந்து வருகிறது என்று ஒரு புதுப் புகார் கிளம்பும். மரம்தானே, மிதக்கத்தான் செய்யும். கூட்டின் மேல்வாயில், பலகையின் தலை உரசும் இடத்தில், பழைய சைக்கிள் டியூப்பில் ஒரு துண்டு வெட்டி ஒட்டுங்கள். கையால் தள்ளினால் நகர வேண்டும், கையை எடுத்தால் நிற்க வேண்டும். கூடுதலாக இருந்தால் ஒரு விரற்கடை வெட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.